மன்னார்க் கிணறுகளும் மலேரியாக் கணக்கும்

2016 செப்டம்பர் 5ஆம் திகதி, இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், இலங்கையில் அதுவரை பதிவாகாத அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் மலேரியா நுளம்பு மன்னார்த் தீவில் கண்டறியப்பட்டது. பத்திரிகைக்காரனுக்கு முதலாவதே பெரிய செய்தி. வரலாற்றைப் பார்ப்பவனுக்கு இரண்டாவதுதான் பெரிது.

மன்னார், வவுனியா, அநுராதபுரம் ஆகியவை காலங்காலமாகவே காய்ச்சல் நிலங்கள். ஆனால் 1934-35இல் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோன கொள்ளைநோய் மிகக் கடுமையாகத் தாக்கியது தென்மேற்குப் பகுதிகளைத்தான். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. அங்கிருந்த மக்களின் உடலுக்கோ நோயோடு பழக்கமில்லை.

1946இல் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கும் பணி நாடளாவிய அளவில் விரிந்தது. ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த மரண வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. மருந்து வென்றது என்று உலகம் எழுதியது. நானும் ஒருகாலத்தில் அப்படி எழுதியவன்தான்.

ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. மலேரியா குறைவாக இருந்த மாவட்டங்களிலும் மரணம் சரிந்ததே, அது எதனால் என்று எஸ்.ஏ. மீகம கேட்டார். உணவு மானியம், கிராமிய வைத்தியசாலைகள், பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் என்று வேறு காரணங்களும் அக்காலத்தில் இருந்தன. மாவட்டந்தோறும் மண்ணீரல் வீங்கியோரின் விகிதத்தை மரண வீதத்தோடு ஒப்பிட்ட பீற்றர் நியூமன், போருக்குப் பிந்திய சரிவில் 42 வீதம் மலேரியா ஒழிப்பால் வந்தது என்றார். ரொனால்ட் கிரே 1974இல் அதை 23 வீதமாகக் குறைத்தார். எதை ஏற்றாலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு வேறெங்கோ இருக்கிறது.

இது வெறும் ஏட்டு விவாதமன்று. 1963இல் நாடு முழுவதும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று தெளிப்பு கைவிடப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1967-69இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தனர். எண் சரியாகத்தான் இருந்தது. அதிலிருந்து எடுத்த முடிவே பிழை.

2000இல் 2 இலட்சத்தைத் தாண்டியிருந்த நோயாளர் தொகை, போர் ஓயுமுன்பே, 2008இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. மருந்தூட்டிய வலைகள், ஊர் தேடிச் சென்ற இரத்தப் பரிசோதனை, இடத்துக்கேற்ற தெளிப்பு எனப் பலவும் சேர்ந்தே அதைச் சாதித்தன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் பதிவானது 2012 ஒக்டோபரில்.

இப்போது மன்னாரில் புது எதிரி. பழைய நுளம்பு ஆற்றுக் குட்டைகளில் பெருகியது. ஸ்டெபன்சியோ கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடுவது. பல பூச்சிகொல்லிகளைத் தாங்கி நிற்பது. ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் இது கண்டறியப்பட்ட 2012இல் மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் 73,000க்கு மேல்.

மணல் தீவான மன்னாரில் கிணறு என்பது வீட்டின் உயிர். புழுத் தின்னும் மீனை அதில் விடுவதும் புழுக்கொல்லி இடுவதும் அங்கு கையாளப்பட்ட வழிகள். ஆனால் குடிக்கும் தண்ணீரில் மீன் நீந்தச் சம்மதிப்பதா, பாழ்கிணற்றைத் தூர்ப்பதா என்பதை வீட்டாரே முடிவுசெய்ய வேண்டும். வாசலுக்கு வரும் உத்தியோகத்தரை அவர்கள் நம்புகிறார்களா என்பதும் அதில் அடங்கும். முப்பதாண்டு யுத்தம் கண்ட மண்ணில் அந்த நம்பிக்கையை உத்தரவு போட்டுப் பெற முடியாது.

எந்த மருந்து நுளம்பைக் கொல்லும் என்பதை ஆய்வுகூடம் சொல்லிவிடும். எந்த வீட்டார் எதற்கு இணங்குவர், ஏன் மறுப்பர் என்பதைக் கிணற்றடியில் நின்று கேட்டுத்தான் அறிய வேண்டும். அதைக் கேட்கத் தவறினால், 1963இன் பிழையை நாம் இன்னொரு முறை செய்வோம்.