வாளையாற்றைத் தாண்டும் பாசஞ்சர்: கோவை – பாலக்காடு ரயில் போக்குவரத்தும் அதன் எல்லைகளும்

போத்தனூரிலிருந்து இரண்டு ரயில் பாதைகள் கேரளத்துக்குள் இறங்குகின்றன. ஒன்று மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு, கஞ்சிக்கோடு வழியாகப் பாலக்காடு சந்திப்புக்கு. மற்றொன்று கிணத்துக்கடவு, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு டவுனுக்கு. வேலைக்கும் படிப்புக்கும் இரு மாநிலங்களுக்கிடையே தினமும் போய்வருவோருக்குப் பயன்படும் இந்தச் சிறு வலையமைப்பு போதிய அளவு வளராததற்கு மாநில எல்லையைக் காரணம் காட்டுவது வழக்கம். அது பொருந்தாது. ரயில்வே கோட்ட எல்லையும், நிலையத்துக்கு வந்துசேரும் பேருந்து வசதிக் குறைவும்தான் இங்கே முக்கியக் காரணங்கள்.

பாதை எல்லையைவிட மூத்தது. மேற்குக் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த மதராஸ் ரயில்வே 1862-ல் போத்தனூரை எட்டியது. கோவை நகரத்துக்கு ரயில் வந்ததே 1873-ல், அதுவும் மேட்டுப்பாளையம் செல்லும் கிளைப்பாதையின் வழியில் இருந்ததால். பொள்ளாச்சிப் பாதை 1915-ல் திறக்கப்பட்டு, 1932-ல் பாலக்காடு வரை நீண்டது. அப்போது பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது வாளையாற்றில் எல்லை விழுந்தது. அதே ஆண்டில் ரயில்வேயின் போத்தனூர்க் கோட்டத் தலைமையகம் பாலக்காட்டின் ஒலவக்கோட்டுக்குப் போனது.

ஆனாலும் ரயிலைப் பொறுத்தவரை வாளையாறு இன்னொரு நிலையம், அவ்வளவே. ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சந்திக்கும் பாசலில், பிரெஞ்சுப் பாதையில் 25 கிலோவோல்ட், மற்ற இரு நாட்டுப் பாதைகளில் 15 கிலோவோல்ட் என்று மின்சாரமே வேறுபடுகிறது. இங்கே மின்சாரமும் சிக்னலும் கட்டண அட்டவணையும் ஒன்றே. 150 கி.மீ. வரை கிடைக்கும் சீசன் டிக்கெட்டில் மாநிலம் என்ற கேள்விக்கே இடமில்லை. எட்டிமடைப் பல்கலைக்கழக மாணவரும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஊழியரும் ஒரே பாசஞ்சரில் ஏறலாம்.

சிக்கல் கோட்ட எல்லையில்தான் இருக்கிறது. 2007 நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டத்திலிருந்து சேலம் கோட்டம் பிரிக்கப்பட்டபோது எல்லைக்கோடு வாளையாற்றில் விழாமல் போத்தனூரை ஒட்டி விழுந்தது. தமிழ்நாட்டின் மதுக்கரையும் எட்டிமடையும் பொள்ளாச்சியும் பாலக்காட்டு நிர்வாகத்திலேயே தங்கின. கோவையிலிருந்து புறப்படும் வண்டி சில கிலோமீட்டரிலேயே அடுத்த கோட்டத்துக்குள் போய்விடுகிறது. அகலப்பாதை வேலைக்காகப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, பாலக்காட்டுப் பக்கம் 2015-லும் போத்தனூர்ப் பக்கம் 2017-லும் திறந்த பொள்ளாச்சிப் பாதைக்குக் கூடுதல் வண்டி கேட்போர் இரு கோட்டங்களின் கதவையும் தட்ட வேண்டியுள்ளது. பொள்ளாச்சியைத் தமிழகக் கோட்டமொன்றில் சேர்க்கும்படி எழும் கோரிக்கையின் நியாயம் இதுதான். கோடு நகர்ந்தால் அதே சிக்கல் பாலக்காட்டுப் பக்கம் முளைக்கும் என்பதையும் கோருவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வண்டிகளைக் கூட்டுவதற்கு உண்மையான இயற்கைத் தடை ஒன்று உண்டு. மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் இடையே காட்டுக்குள் செல்லும் பாதையில் யானைகள் குறுக்கிடுகின்றன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே வண்டியில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்தன. 2024-ல் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கண்காணிப்பு தொடங்கியது. இரவு நேர வேகக் கட்டுப்பாட்டை ஏற்றுத்தான் இங்கே கால அட்டவணை போட முடியும்.

பேருந்துப் பிரச்சினைக்குத் தொண்டாமுத்தூர் நல்ல சான்று. கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் பாக்கும் காய்கறியும் விளையும் இவ்வூருக்கு ரயில் கிடையாது. பேரூர் வழியாக டவுன் பஸ்ஸில் கோவையின் உக்கடம் பேருந்து நிலையத்துக்கு வந்தால், பாலக்காட்டுப் பேருந்து அங்கேயே நிற்கிறது; ரயிலுக்கோ கோவை சந்திப்புக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும். ரயில் கட்டணம் குறைவு என்றாலும், பஸ் மாறும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பவர் உக்கடத்திலேயே ஏறிவிடுகிறார்.