லாட்ரிக் குன்றின் பாதை

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகள் நிறைந்த மலைநாட்டில், கெசிக் என்னும் சந்தையூர் உள்ளது. முதலாம் எட்வர்டு மன்னர் 1276ஆம் ஆண்டில் அதற்குச் சந்தை உரிமை வழங்கினார். அவ்வூரினின்று புறப்பட்டு, 368 மீட்டர் உயரமுள்ள லாட்ரிக் குன்றேறி, மறுபுறம் இறங்கி, கிரேட்டா ஆற்றோரமாக ஊர் திரும்புதல் அரைநாளில் முடியும் நடையேயாகும்.

ஆயினும் அவ்வுரிமை எளிதில் கிட்டியதன்று. நிலவுடைமையாளர் குன்றுக்குச் செல்லும் வழிகளை அடைத்துவிட்டனர். 1887 அக்டோபர் முதல் நாள் ஏறத்தாழ 2,000 பேர் தடைகளைக் கடந்து உச்சியேறினர். அவர்களிடையே சாமுவேல் பிளிம்சலும் இருந்தார். பினாங்குத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் பக்கவாட்டில் நாம் காணும் பாரக்கோடு அவர்தம் போராட்டத்தின் பயனே. மாலுமியின் உயிருக்காக வாதாடியவர் நடப்போரின் வழிக்காகவும் வந்து நின்றது வியப்பன்று.

வழக்கு 1888இல் உடன்பாட்டில் முடிந்தது. உச்சிக்குரிய வழி மக்களுக்கு உறுதியாயிற்று. மற்றொரு வழியை அவர்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. முழு வெற்றி என்று அதனைக் கூறுதல் மிகையாகும். பாதை காக்கும் சங்கத்தில் பங்குகொண்ட பாதிரியார் ரான்ஸ்லி, 1895இல் தேசிய அறக்கட்டளையை நிறுவிய மூவருள் ஒருவரானார்.

திரும்பும் வழி பழைய இரயில் தடம். 1972இல் அங்கு வண்டி ஓட்டம் நின்றது. 2015 டிசம்பர் வெள்ளம் அதன் பாலங்கள் சிலவற்றை அடித்துச் சென்றது. 2020இல் அத்தடம் மீண்டும் நடப்போருக்குத் திறக்கப்பட்டது.