தாயகம் என்னும் சொல்

தெப்பக்காட்டிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் முதுமலைக் காடு முடிந்த சிறிது தொலைவில் தேயிலை தொடங்கிவிடுகிறது. கூடலூர், பந்தலூர் மலைச்சரிவுகளின் தோட்டங்களில் ஒரு பகுதிக்கு வேர் கொழும்புப் பாராளுமன்றத்தில் இருக்கிறது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் 7 இடங்களை வென்றது. பல தொகுதிகளில் தோட்டத்தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குச் சென்றது. டி.எஸ்.சேனநாயக்கவின் அரசு விழித்துக்கொண்டது. 1948ன் குடியுரிமைச் சட்டப்படி ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்ததை நிறுவவேண்டும். லயன்களில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் தந்தையின் பிறப்புச்சான்று இருந்திருக்கும்? 1949ல் வாக்குரிமையும் பறிபோனது.

ஈழத்தமிழ்த் தலைமை இதில் ஒன்றாக நிற்கவில்லை. ஜி.ஜி.பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தார். செல்வநாயகம் எதிர்த்து வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையகத்தாருக்கு நேர்ந்தது நாளை மொழியின் பெயரால் மற்றத் தமிழருக்கும் நேரும் என்பது அவரது எச்சரிக்கை. 1956ல் தனிச்சிங்களச் சட்டம் அதை மெய்யாக்கியது. சிறுபான்மைக்குள் இருக்கும் சிறுபான்மையைக் கைவிடுவது எப்போதும் தன் காலடி மண்ணைத் தோண்டுவதே.

1964 அக்டோபர் 30ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974ல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். பிரிக்கப்பட்டவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாம் வழியாகச் சிதறினர். அவர்களுக்கு வேலை தரவே 1968ல் வனத்துறையின்கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் உருவானது. பின்னாளில் அதுவே டான்டீ. காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். தலைமுறைகளாக அக்காடுகளில் வாழ்ந்த பணியரையும் குறும்பரையும் யார் கேட்டார்கள்? ஒரு தீவின் அநீதி கடல்கடந்து வந்து, இன்னொரு எளிய மக்களின் நிலத்தில் தீர்க்கப்பட்டது.

அரசு ஆவணங்கள் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றன. அவர்களில் பெரும்பாலோர் பிறந்தது இலங்கையில். அங்கே 'இந்தியத் தமிழர்'. இங்கே 'சிலோன்காரர்'. ஒரு மனிதனை எப்போதும் அவன் இல்லாத ஊரின் பெயரால் அழைப்பது, அவன் இருக்கும் ஊரில் அவனுக்கு உரிமை இல்லை என்பதைத்தான் சொல்கிறது.

2003ல் இலங்கை தன் மண்ணில் எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை அளித்தது. 2022ல் டான்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித்தரத் தமிழக அரசு முடிவெடுத்தபோது, ஓய்வுபெற்ற தொழிலாளர் முன் பழைய கேள்வியே மீண்டும் எழுந்தது: இனி எங்கே? குடியுரிமை கிடைத்துவிட்டது. காலூன்ற ஒரு துண்டு நிலம் இன்னும் கிடைக்கவில்லை.