ஒரு பொருள் வெடிக்குமா என்று ஆய்வுகூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்?

போர்க்காலத்தில் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்டிருந்த பொருட்களின் பட்டியலை இன்றும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி, சீமெந்து, எரிபொருள், அவற்றோடு பசளை. வெடிபொருள் செய்யப் பயன்படலாம் என்ற சந்தேகமே பசளை தடுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம். நெல்லும் வெங்காயமும் பசளையின்றி நின்ற அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வி இப்போதும் எழுகிறது: யூரியா வெடிக்குமா?

யூரியா தனியே ஒரு வெடிபொருள் அல்ல. ஆபத்தான பொருட்களை ஏற்றி இறக்குவதற்கான ஐ.நா. விதிகளில் அது ஆபத்தான பொருளாகக்கூடப் பட்டியலிடப்படவில்லை. ஆனால் பார்வைக்கு அதைப் போலவே வெள்ளைக் குருணையாக இருக்கும் அமோனியம் நைத்திரேற்று அப்படியல்ல. 2020 ஓகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தை அழித்தது அதுதான். ஒரு மூடையை வெறும் பசளை என்றும் மற்றதை வெடிக்கக்கூடியது என்றும் பிரிப்பதற்கு உலகம் முழுவதும் ஒரு நடைமுறை இருக்கிறது. 'பரிசோதனைகளும் அளவுகோல்களும்' என்ற ஐ.நா. கைநூலில் அது எழுதப்பட்டுள்ளது. 1984இல் முதன்முதலாக வந்த இந்தக் கைநூல் இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது.

முதல் வேலை கடதாசியில் நடக்கிறது. மூலக்கூற்றின் அமைப்பைப் பார்ப்பார்கள். நைத்திரோ, நைத்திரேற்று, பேரொட்சைட்டு, அசைட்டு போன்ற கூட்டங்கள் அதில் இருந்தால் எச்சரிக்கை. எரிவதற்குத் தேவையான ஒட்சிசனைத் தனக்குள்ளேயே எவ்வளவு வைத்திருக்கிறது என்றும் கணக்கிடுவார்கள். அடுத்து, சில மில்லிகிராம் மாதிரியைச் சிறிய கிண்ணத்தில் அடைத்து மெல்ல மெல்லச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெப்பத்தை வெளிவிடுகிறது என்று அளப்பார்கள். ஒரு சேதனப் பொருள் பிரிந்தழியும்போது ஒரு கிராமுக்கு 500 யூலுக்குக் குறைவாகவே வெளிவிட்டால், பெரும்பாலும் மேற்கொண்டு வெடிபொருட் சோதனை தேவைப்படாது. கூடினால்தான் அடுத்த அறைக்குப் போகும்.

அடுத்த அறையில் நான்கு கேள்விகள் கேட்கப்படுகின்றன. அடித்தால் என்ன ஆகும்? உரசினால்? சூட்டில் கிடந்தால்? தீப்பிடித்தால்?

அடிக்கும் சோதனைக்கு விழுசம்மட்டி என்ற கருவி உண்டு. ஜேர்மனியின் பொருள் ஆராய்ச்சி நிறுவனமான 'பாம்' உருவாக்கிய வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. 40 கன மில்லிமீற்றர் மாதிரியை, அதாவது ஒரு சிட்டிகையளவை, இரண்டு உருக்கு உருளைகளுக்கு நடுவே வைத்து மேலிருந்து எடையை விழவிடுவார்கள். ஒரே உயரத்தில் ஆறு தடவை. ஆறில் ஒன்று வெடித்தாலும் அந்தச் சக்தியில் வெடிக்கும் என்றே எழுதப்படும். 2 யூலிலோ அதற்குக் குறைவாகவோ வெடிக்கும் பொருளை அந்த நிலையில் எந்த வாகனத்திலும் ஏற்ற முடியாது. 2 யூல் என்பது ஒரு கிலோ எடை சுமார் 20 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் சக்தி. மேசையிலிருந்து தவறி விழும் பொருளுக்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

உரசும் சோதனையில் பீங்கான் தட்டின் மீது பீங்கான் முளை ஒன்று மாதிரியை இழுக்கிறது. 80 நியூற்றனுக்குக் குறைவான சுமையில் பொறித்தால் அதுவும் தோல்வி. சூட்டுச் சோதனை 75 பாகை செல்சியசில் 48 மணிநேரம். கடைசிச் சோதனையின் பொருட்கள் எங்கள் குசினியில் கிடைப்பவை: மண்ணெண்ணெயில் நனைத்த மரத்தூள். அதன் நடுவே 10 கிராமை வைத்துக் கொளுத்துவார்கள், வெடிக்காவிட்டால் 100 கிராமை வைப்பார்கள். எரிந்து முடிந்தால் நல்லது.

இவ்வளவு சிறிய அளவில் தொடங்குவது பரிசோதகரின் உயிரைக் காப்பதற்காக. ஏவாத குண்டை அறுத்து இரும்பு எடுக்க முயன்று கையையும் கண்ணையும் இழந்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததும் ஒருவகையில் இதே சோதனைதான். மில்லிகிராமுக்குப் பதில் கிலோக்கணக்கில், தடுப்புச் சுவர் இல்லாமல்.

இவற்றைத் தாண்டிய பிறகே பெரிய சோதனைகள். விரலளவான உருக்குக் குழாயில் பொருளை நிரப்பி, மூடியில் சிறு துளை மட்டும் விட்டு, நான்கு பக்கமும் நெருப்பால் சூடாக்குவது ஒன்று. வாயு துளையால் வெளியேற முடியாமல் குழாய் மூன்று துண்டுகளாகவோ அதற்கு மேலாகவோ சிதறினால், எந்த அளவுத் துளையில் சிதறியது என்பதே விடை. இன்னொன்றில் 40 சென்ரிமீற்றர் நீளக் குழாயின் ஒரு முனையில் தெரிந்த வெடிபொருள் ஒன்றை வெடிக்கவைப்பார்கள். மறுமுனையில் ஓர் உருக்குத் தகடு இருக்கும். அதிர்ச்சி அலை குழாய் முழுவதும் ஓடித் தகட்டில் துளை போட்டால், அந்தப் பொருள் வெடிப்பைத் தாங்கிக் கடத்தும் என்று பொருள்.

முடிவில் ஓர் இலக்கம் கிடைக்கும். 1.1 என்றால் முழுக்குவியலும் ஒரே கணத்தில் வெடிக்கும். 1.4 என்றால் ஆபத்து பொதிக்கு அப்பால் பெரிதாகப் போகாது. கொள்கலனில் ஒட்டப்படும் செம்மஞ்சள் சாய்சதுரத்தில் இருப்பது இந்த இலக்கம்தான். எவ்வளவு தொகையை வீடுகளிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. இலக்கம் சரியாக இருந்தும் தூரம் மதிக்கப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டக்களப்பு மக்கள் அறிவார்கள். 2010 செப்ரெம்பர் 17 அன்று கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வெடித்தவை வீதி அமைப்பு வேலைக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த வெடிபொருட்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவை வெடிக்கும் என்பது அங்கே யாருக்கும் தெரியாத இரகசியமாக இருந்திருக்க முடியாது.

அதைவிடச் சிக்கலானது, வெடிக்காது என்று ஆய்வுகூடம் சொன்ன பொருள் வெடிப்பது. அதற்கு 1921ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஒப்பாவ் நகரத்துக்குப் போகவேண்டும்.

அங்கிருந்த பி.ஏ.எஸ்.எவ். தொழிற்சாலையின் களஞ்சியத்தில் அமோனியம் சல்பேற்றும் அமோனியம் நைத்திரேற்றும் கலந்த பசளை 4,500 தொன் குவிந்திருந்தது. ஈரத்தை உறிஞ்சி அது பாறைபோல இறுகிவிடும். மண்வெட்டி ஏறாது. ஆகவே சிறிய வெடிகளை வைத்து உடைத்து அள்ளுவார்கள். கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனால் அவர்கள் யோசிக்காமல் செய்யவில்லை. இந்தக் கலவை வெடிப்பைக் கடத்தாது என்று சோதித்துப் பார்த்திருந்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கான தடவை அப்படியே உடைத்தும் இருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை.

செப்ரெம்பர் 21 காலை 7.32க்கு நடந்தது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரின் வீடுகளில் பெரும்பாலானவை இடிந்தன, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். சுமார் 19 மீற்றர் ஆழமான பள்ளம் மிஞ்சியது. வெடித்தது மொத்தக் குவியலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மட்டுமே என்று கணக்கிடப்பட்டது.

அந்த வருடத் தொடக்கத்தில் தொழிற்சாலை பசளையை உலர்த்தும் முறையை மாற்றியிருந்தது. புதிய முறையில் வந்த பசளையில் ஈரம் குறைவு, துகள் நுண்மையானது, குவியலின் அடர்த்தியும் குறைவு. எல்லா இடத்திலும் கலவை ஒரே சீராக இருந்ததாகவும் சொல்ல முடியாது. பழைய சோதனையின் விடை பழைய பசளைக்கு உரியது. களஞ்சியத்தில் கிடந்தது வேறு பசளை. அதன் பெயரும் சாக்கும் மட்டும் மாறவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய குழாயில் வெடிப்பு ஓடாமல் அடங்கிவிடும் சில பொருட்கள், பெருங்குவியலாக இருக்கும்போது வெடிப்பைத் தாங்கிக் கொண்டுபோகும். அமோனியம் நைத்திரேற்று அந்த இனம்.

இன்றைய ஐரோப்பிய விதிகளில் இந்தப் பாடம் தெரிகிறது. நைதரசன் 28 சதவீதத்துக்கு மேலுள்ள அமோனியம் நைத்திரேற்றுப் பசளையைக் குறைந்தது ஒரு மீற்றர் நீளமான உருக்குக் குழாயில் சோதிக்கவேண்டும். சோதிப்பதற்கு முன் 25க்கும் 50 பாகைக்கும் இடையே ஐந்து தடவை சூடாக்கிக் குளிர்விக்கவேண்டும். இந்த உப்பின் பளிங்கு 32 பாகையில் வடிவம் மாறுகிறது. மாறி மாறிச் சூடேறிக் குளிரும்போது குருணை உதிர்ந்து மாவாகி, பிறகு கட்டியாகிறது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 32 பாகை எத்தனை தடவை கடக்கப்படும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலை வாசலில் எடுத்த மாதிரியும், களஞ்சியத்தில் ஆறு வருடம் கிடந்த மூடையும் ஒன்றல்ல.

பெய்ரூட்டில் கிடந்தது 2,750 தொன். 2013இல் வந்த கப்பலிலிருந்து 2014இல் இறக்கப்பட்டு, வாணவெடிகளும் இருந்த அதே களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்தது. இறந்தவர்கள் 200க்கு மேல். அது நடந்த சில நாட்களில், சென்னைக்கு அருகே மணலியில் வருடக்கணக்காகக் கிடந்த சுமார் 740 தொன் அமோனியம் நைத்திரேற்று பற்றிய செய்தி வெளிவந்து, அது அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அதுவரை அது அங்கே கிடந்ததை அயலில் இருந்தவர்கள் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்?

நம் நாட்டில் வெடிபொருட்களை 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கல் உடைக்கவும் கிணறு வெட்டவும் அனுமதி தேடி அலைந்தவர்களுக்கு அதன் இறுக்கம் தெரியும். ஆனால் 2016 ஜூனில் சாலாவ இராணுவ ஆயுதக் களஞ்சியம் வெடித்தபோது சுற்றியிருந்த வீடுகள் சிதைந்தன. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கசியும் நைத்திரிக் அமிலத்தோடு கொழும்புக்கு முன்னே நின்று எரிந்தது. ஒரு விவசாயியின் யூரியா மூடைக்குக் காட்டப்பட்ட கண்டிப்பு இந்த இடங்களில் காணப்படவில்லை.

உங்கள் ஊரில் கல்குவாரியோ, பசளைக் களஞ்சியமோ, பாதுகாப்புத் தரப்பின் களஞ்சியமோ இருந்தால் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. உள்ளே இருப்பதன் வகுப்பு இலக்கம் என்ன? அதிகபட்சம் எவ்வளவு வைக்க அனுமதி? எப்போது கொண்டுவரப்பட்டது, அதன்பின் எப்போது பரிசோதிக்கப்பட்டது? அருகிலுள்ள வீட்டுக்கு எவ்வளவு தூரம் விடப்பட்டிருக்கிறது? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தேசிய பாதுகாப்பு என்று சொல்லிச் சிலவற்றை மறுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. மறுத்தால் ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யவும் அதே சட்டம் இடம் தருகிறது.