மியூனிக்கா, மாஸ்கோவா?

மலேசியக் காற்பந்துக் குழுக்களுள் சிறந்தது எது என்பது திடலோரத்தில் அடிக்கடி எழும் வாதம்.

1972 குழுவே என்பர் ஒரு சாரார். மியூனிக் ஒலிம்பிக்கில் அது அமெரிக்காவை 3-0 என வென்றது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 எனத் தோற்றது.

1980 குழுவோ தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றது. நீண்ட கைகளுக்குப் பேர்போன கோல் காவலர் ஆர். ஆறுமுகம் அக்குழுவில் இருந்தார். ஆனால், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்தது. குழு பயணப்படவே இல்லை.

ஆடிய ஆட்டத்துக்குக் கணக்கு உண்டு; ஆடாத ஆட்டத்துக்கு ஏது கணக்கு? ஆகவே, பிள்ளைகளுக்குக் கோல் எண்ணிக்கையோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவே வரலாறு.