காளைச் சந்தை

காளைச் சந்தை என்பது பங்குகள் போன்ற முதலீடுகளின் விலை பல மாதங்களோ ஆண்டுகளோ ஏறுமுகமாக இருக்கும் காலத்தைக் குறிக்கும் நிதியியல் சொல்லாகும். இதன் எதிர்ப்பதம் கரடிச் சந்தை. அண்மைய தாழ்நிலையிலிருந்து குறியீட்டெண் 20 விழுக்காடு உயர்ந்தால் காளைச் சந்தை எனக் கொள்வது வழக்கம். எனினும் இது விதியன்று. இடையிடையே சரிவுகளும் நேர்வதால், ஏற்றம் முடிந்துவிட்டதா என்பது பெரும்பாலும் பின்னரே தெரியவரும்.

மும்பை பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண் 2003 ஏப்ரலில் ஏறத்தாழ 3,000 புள்ளிகளாக இருந்தது. 2008 சனவரியில் அது 21,000 புள்ளிகளைக் கடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 8,000 புள்ளிகளுக்கும் கீழே வீழ்ந்தது. குறியீட்டெண்ணை ஒட்டி 2003இல் முதலிட்டிருந்தவரின் பணம் அவ்வீழ்ச்சியிலும் இருமடங்குக்கு மேலிருந்தது. ஏற்றத்தைக் கண்டு உச்சத்தில் நுழைந்தவரோ முதலில் பாதிக்கும் மேல் இழந்திருந்தார்.