வணிக இணையத் தொலைபேசிக்கான இணைப்பு வகைகள்: புதூர்நாட்டு மலைப்பகுதி

இணையத் தொலைபேசியில் குரல் சிறு தரவுப் பொட்டலங்களாக நறுக்கப்பட்டு, மற்ற இணையத் தரவு போகும் வழியிலேயே போகிறது. அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், கடை, விடுதி போன்றவை ஒரே எண்ணில் பல அழைப்புகளை ஏற்கவும், உள்ளிணைப்புகளுக்கு மாற்றவும், பணியாளர் வெளியூரில் இருந்தாலும் அதே எண்ணில் பேசவும் இது உதவுகிறது. தொலைபேசிக் கருவியின் விலையை விட, அதற்குக் கீழே இருக்கும் இணைப்பே சேவையின் தரத்தை முடிவு செய்கிறது. சமவெளி நகரங்களில் அதிகம் யோசிக்கத் தேவையில்லாத இந்தக் கேள்வி, சவ்வாது மலையில் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியான புதூர்நாடு போன்ற இடங்களில் முதல் கேள்வியாகிறது.

இந்தியாவில் 2002 ஏப்ரல் முதல் இணையவழிப் பேச்சு குறுகிய வரம்புகளுடன் அனுமதிக்கப்பட்டது. உள்நாட்டில் இணையத்திலிருந்து சாதாரணத் தொலைபேசி எண்ணை அழைக்க அப்போது இடமில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்கள் இந்தச் சேவையைத் தர 2018இல் தொலைத்தொடர்புத் துறை வழிவிட்டது. அதே ஆண்டில் பிஎஸ்என்எல் ‘விங்ஸ்’ என்ற பெயரில் இதை அறிமுகம் செய்தது. எனவே, எந்த இணைப்பைத் தேர்ந்தாலும், வெளியாரை அழைக்கும் வணிக எண்ணை உரிமம் உள்ள நிறுவனத்திடமிருந்தே பெற வேண்டும்.

குரலுக்குத் தேவைப்படும் வேகம் பலர் நினைப்பதை விட மிகக் குறைவு. வழக்கமான ஜி.711 குறிமுறையில் ஓர் அழைப்பு, ஈதர்நெட் தலைப்புகளையும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் எடுக்கிறது. சுருக்கும் ஜி.729 குறிமுறையில் அது 31 கிலோபிட் அளவுக்கு இறங்கும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை மெகாபிட் போதும். ‘100 எம்பி பிளான்’ என்ற விளம்பரம் இங்கே பெரிதாக எதையும் சொல்வதில்லை. பொட்டலம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எடுக்கும் நேரம், அந்த நேரம் கூடிக் குறையும் அளவு, வழியில் தொலையும் பொட்டலங்கள் ஆகிய மூன்றுமே கணக்கில் வரும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. நொடிக்கு 50 பொட்டலங்கள் போகும் பேச்சில் நூற்றுக்கு இரண்டு மூன்று தொலைந்தாலே சொற்கள் விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கும்.

இந்த அளவுகோலில் முதலிடம் கண்ணாடி இழைக்கே. மலைக் கிராமங்களுக்கு அது வரும் வழி பெரும்பாலும், ஊராட்சிகளை இழையால் இணைக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம்தான். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பணியை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் ஏற்றுள்ளது. இழையின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே கொண்டுபோகப்படுகிறது. பாறையில் குழி தோண்டும் செலவு இதனால் மிச்சமாகிறது. ஆனால், புயல் காற்றில் மரம் சாய்ந்து கம்பம் விழுந்தால் மின்சாரமும் இழையும் சேர்ந்தே போகும். மலையில் மாற்று வழி பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாத செய்தி இது.

இழை இணைப்பிலும் இரண்டு வகை உண்டு. வீட்டு ஃபைபரில் ஒரே இழை 32 அல்லது 64 இணைப்புகளுக்குப் பிரிக்கப்படுவதால், மாலையில் எல்லோரும் படம் பார்க்கும்போது தாமதம் கூடலாம். லீஸ்டு லைன் எனப்படும் தனி இணைப்பில், ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் சமமாக, உத்தரவாதத்துடன் கிடைக்கும். வாடகை பல மடங்கு என்பதால் வங்கிக் கிளை, மருத்துவமனை போன்றவற்றுக்கே அது கட்டுப்படியாகும். இரண்டு மூன்று தொலைபேசிகள் உள்ள சிறு நிறுவனத்துக்கு வீட்டு ஃபைபரே போதும். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை தந்து, ‘சிப் ஏஎல்ஜி’ என்ற அமைப்பை அணைத்துவிட வேண்டும். ஒருபக்கக் குரல் மட்டும் கேட்பதாக வரும் புகார்களில் பல, உதவுவதற்காக வைக்கப்பட்ட இந்த அமைப்பினால் எழுபவை.

இழை எட்டாத குக்கிராமத்துக்கு அடுத்த வழி வானலைப் பாலம். இழை வந்து நிற்கும் ஊரிலிருந்து எதிர்மேட்டுக்கு இரண்டு டிஷ்களை நேர்பார்வையில் நிறுத்தினால் பல கிலோமீட்டர் தாண்டலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கு இந்தியாவில் தனி உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல முன்னுதாரணம் தேனி வட்டாரம். அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 2000களின் நடுவில் கிராமப் பார்வை மையங்களைத் தொலைதூர வைஃபை மூலம் இணைத்தது. நோயாளி கிராமத்தில் அமர, மருத்துவர் தேனியிலிருந்து படத்துடன் பேசினார். சாதாரண வைஃபை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகி, அனுப்பியதையே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஆய்வாளர்கள் அந்த முறையை மாற்றி, இரு முனைகளுக்கும் நேரப் பங்கீடு செய்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் தொலைதூர வானலைக் கருவிகள் பலவும் நேரப் பங்கீட்டு முறையிலேயே இயங்குகின்றன.

மலையில் இதற்கு மேடும் பள்ளமும் உதவியாகவும் தடையாகவும் இருக்கின்றன. உச்சியில் நட்ட ஒரு கம்பம் பல பள்ளத்தாக்குகளைப் பார்க்கும். ஆனால் நடுவில் வளரும் ஒரு மரம் இரண்டு மழைக்காலத்தில் பார்வையை மறைத்துவிடும். உயரத்தில் நிற்கும் கம்பத்துக்கு இடிதாங்கியும் சரியான எர்த்தும் கட்டாயம்.

செல்பேசிக் கோபுரமே பலருக்குக் கையிலுள்ள வழி. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. 4ஜி சிம்மிலிருந்து நேரடியாகப் பேசும் வோல்ட்இ அழைப்புக்குக் கோபுரம் தனிப் பாதையும் முன்னுரிமையும் தரும். அதே சிம்மின் டேட்டாவில் ஓடும் இணையத் தொலைபேசிச் செயலிக்கு அந்த முன்னுரிமை கிடையாது. காணொலியுடனும் மற்றதுடனும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒரே கோபுரம் சுற்றியுள்ள பல ஊர்களைத் தாங்கும் இடத்தில், கூட்டம் கூடிய நாளில் செல்பேசி நன்றாகக் கேட்க, செயலி மட்டும் திக்குவதற்கு இதுவே காரணம். மேலும், சிம் இணைப்புகளுக்குப் பொதுவாகத் தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. அதனால் அலுவலகத்திலேயே எக்ஸ்சேஞ்ச் பெட்டி வைப்பதை விட, மேகக் கணினியில் ஓடும் எக்ஸ்சேஞ்சே இதற்குப் பொருந்தும். கூரையில் வெளிப்புற ஆன்டெனா பொருத்திய 4ஜி ரூட்டர், வீட்டுக்குள் வைத்த செல்பேசி ஹாட்ஸ்பாட்டை விடப் பல மடங்கு நிலையானது. செல்பேசிச் சேவை எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. பணி பிஎஸ்என்எல்லிடம் தரப்பட்டது.

செயற்கைக்கோள் கடைசி வழி. புவிநிலை வட்டப்பாதை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், குரல் ஏறி இறங்கவே ஏறத்தாழ 240 மில்லிநொடி ஆகிறது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அரை நொடி மௌனம் விழுந்து, இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்குவார்கள். வங்கியின் ஏடிஎம்முக்கு இது தடையில்லை. வாடிக்கையாளரிடம் பேரம் பேசுபவருக்குச் சங்கடம். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் கூட்டங்களில் இந்தக் குறை இல்லை. அந்நிறுவனம் இந்திய உரிமத்தை 2025 ஜூனில் பெற்றது. இந்தக் கடைசி வழியும் இங்கே தேவைப்படக் காரணம் உண்டு. சவ்வாது மலையின் காவலூரில் 1960களின் இறுதியில் வானியல் ஆய்வகம் அமையக் காரணமான இருண்ட வானம், மக்கள் அடர்த்தி குறைவு என்பதன் மறுபக்கம். அதே குறைந்த அடர்த்திதான் இழையையும் கோபுரத்தையும் தாமதப்படுத்துகிறது.

மின்சாரம் இல்லாமல் இவற்றில் எதுவும் இயங்காது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் பெற்றதால் கரண்ட் போனாலும் ஒலித்தது. இணையத் தொலைபேசிக்கு இழைப்பெட்டி, ரூட்டர், கருவி மூன்றுக்கும் அலுவலகத்திலேயே மின்சாரம் வேண்டும். இவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவன என்பதால், பெரிய இன்வெர்ட்டரை விட ஒரு மினி யுபிஎஸ் மலிவாக வேலையை முடிக்கும். நீண்ட மின்தடைக்குச் சிறு சோலார் தகடும் பேட்டரியும் பொருந்தும்.

புதூர்நாடு போன்ற இடத்தில் பெரும்பாலும் நிலைப்பது கலப்பு ஏற்பாடு: இழை அல்லது வானலைப் பாலம் முதன்மையாக, வேறு நிறுவனத்தின் 4ஜி சிம் துணையாக, இரண்டுக்கும் இடையே தானாக மாறும் ரூட்டர். துணை இணைப்பின் கோபுரமும் முதன்மை வரும் அதே இழையிலிருந்தே தரவு பெறுகிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்வது அவசியம். பெற்றால், இழை அறுந்த அன்று இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். இரண்டும் போன நேரத்தில், மேக எக்ஸ்சேஞ்சில் முன்கூட்டியே பதிந்த செல்பேசி எண்ணுக்கு அழைப்புகள் திருப்பிவிடப்படும். திருப்பும் வேலை மலைக்கு வெளியே உள்ள கணினியில் நடப்பதால், உள்ளூரில் வேறெந்தக் கோபுரத்தின் சிக்னலாவது எட்டும் வரை வணிக எண்ணுக்கு வரும் அழைப்பை ஏற்க முடியும்.